வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஹெட்போன்: ஆம்ப்ளிஃபையருக்கு எவ்வளவு ஒதுக்குவது?

கொழிஞ்சாம்பாறைவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பாட்டுக் கேட்பதற்கென்று 30,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதை ஹெட்போனுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் எப்படிப் பிரிப்பது என்பதே என் கேள்வி. கோவையில் ஒரு கடையில் விசாரித்தபோது, சென்ஹைசர் எச்டி 650 போன்ற 300 ஓம் ஹெட்போனை வாங்குவதாக இருந்தால் ஏறக்குறைய அதே விலையில் ஓர் ஆம்ப்ளிஃபையரையும் வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் ஹெட்போனுக்குக் கொடுத்த பணம் வீண் என்றார்கள். அது உண்மையானால், குறைந்த ஓம் உள்ள ஹெட்போனை எடுத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபையர் செலவை மிச்சப்படுத்துவது புத்திசாலித்தனம் ஆகாதா?

என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். பகலில் கோவையில் வேலை. தடுப்பே இல்லாத பெரிய கூடத்தில் இருக்கை. போக வர அலுவலகப் பேருந்து. இரவில் வீட்டில் பழைய கச்சேரிப் பதிவுகள்: செம்பை, எம்.டி. ராமநாதன், கே.வி. நாராயணசாமி, பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம். இவற்றில் பெரும்பாலானவை அப்பா சேர்த்து வைத்த கேசட்டுகளிலிருந்து கணினிக்கு மாற்றியவை, ஆகவே நாடா இரைச்சல் உண்டு. கைப்பேசியில் ஹெட்போன் துளை கிடையாது, மடிக்கணினியில் உண்டு. ஒரே ஹெட்போன் இரண்டு இடத்துக்கும் போதுமா, அல்லது இரண்டாக வாங்குவதுதான் முறையா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.


தத்தமங்கலம் ஒலிப்பணி எழுதுகிறார்:

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு முழு ஆம்ப்ளிஃபையரையும் விற்றுவிடுகிறார்கள். நான் கோயில் கச்சேரிகளுக்கு ஒலியமைப்பு செய்து வருபவன் என்பதால், எந்தக் கருவியையும் முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவது வழக்கம். இந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளே போட்டுவிடலாம்.

ஒரு ஹெட்போனுக்கு ஆம்ப்ளிஃபையர் தேவையா என்பதை ஓம் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. 1 வோல்ட் கொடுத்தால் அது எத்தனை டெசிபல் ஒலி எழுப்பும் என்ற உணர்திறன் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எச்டி 650 க்கு சென்ஹைசர் தரும் குறிப்பு 300 ஓம், 1 வோல்டுக்கு 103 டெசிபல். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்பவர்களுக்குச் சராசரியாக 75 டெசிபல் போதும்; மிருதங்கத்தில் ஓங்கி விழும் ஒரு சாப்பு அதற்கு மேல் 20 டெசிபல் எழும்பும் என்று வைத்துக்கொண்டாலும் 95 தான் ஆகிறது. கைப்பேசியில் செருகும் சிறிய டாங்கிள்களில் பரவலாகக் கிடைக்கும் ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிள் 1 வோல்ட் வரை கொடுக்கும் (ஐரோப்பியப் பதிப்பு அதில் பாதிதான்). அதாவது 103 டெசிபல் வரை கைவசம் இருக்கிறது. மிகத் தாராளமாக 110 டெசிபல் உச்சம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மட்டுமே 2.2 வோல்டுக்கு மேல் தேவைப்படும், அப்போதுதான் தனி ஆம்ப்ளிஃபையர் என்ற பேச்சே எழும். அந்த அளவில் தொடர்ந்து கேட்பவருக்கு ஆம்ப்ளிஃபையரைவிட காது மருத்துவரின் முகவரிதான் அவசரமாகத் தேவைப்படும்.

இனி, குறைந்த ஓம் என்றால் ஓட்டுவது எளிது என்ற உங்கள் எண்ணத்துக்கு வருவோம். ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ வெறும் 32 ஓம்தான். ஆனால் அது பிளானர் வகை (காந்தங்களை ஒட்டித் தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி எழுப்புவது), உணர்திறன் 1 மில்லிவாட்டுக்கு 91 டெசிபல். 110 டெசிபலை எட்ட அதற்கு ஏறத்தாழ 80 மில்லிவாட் வேண்டும், அதாவது 1.6 வோல்டும் 50 மில்லிஆம்பியரும். எச்டி 650 அதே உயரத்தை 20 மில்லிவாட்டுக்குள் எட்டிவிடும். 300 ஓம் ஹெட்போனுக்கு வோல்ட் வேண்டும், இத்தகைய பிளானருக்கு மின்னோட்டம் வேண்டும். ஓம் எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் பிளானரை மாட்டிவிட்டு, சத்தம் ஏன் ஏறவில்லை என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஒரே வடிவத்தில் 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையாக வருகிறது. ஆம்ப்ளிஃபையர் இல்லாதவருக்கு 80 போதும்.

உங்களுக்கு என் யோசனை இது. எச்டி 650 ஐ வாங்கினால் தொகை முழுவதும் அதற்கே போய்விடும், அலுவலகத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பதிலாக எச்டி 560எஸ் எடுங்கள். அது 120 ஓம், 1 வோல்டுக்கு 110 டெசிபல். டாங்கிளே அதற்குப் போதுமானது. ஆக, ஆம்ப்ளிஃபையருக்கு ஒதுக்க வேண்டிய தொகை டாங்கிளின் விலை மட்டுமே. ஒரு சிறு எச்சரிக்கை: சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஆப்பிள் டாங்கிளின் ஒலி உச்சம் வரை ஏறாது, ஆகவே வாங்கும்போதே உங்கள் கைப்பேசியில் செருகிப் பார்த்துவிடுங்கள். மிச்சத்தை அலுவலகத்துக்கு மூடிய வகையில், அதாவது கிண்ணத்தின் பின்புறம் அடைத்த ஹெட்போனில், செலவிடுங்கள். ஒரே ஹெட்போன் இரண்டு இடத்துக்கும் ஒத்துவராது. எச்டி 560எஸ் போலப் பின்புறம் திறந்த வகையை மாட்டிக்கொண்டால் பக்கத்து இருக்கைக்காரரும் சேர்ந்து கச்சேரி கேட்பார், அவர் பேசுவது உங்கள் ஆலாபனையில் கலக்கும்.


கல்பாத்தி ரசிகர் எழுதுகிறார்:

தம்பி எழுதியது கணக்கு அளவில் சரி. ஆனால் கச்சேரி கேட்பது டெசிபலை எட்டுவதற்காக அல்ல. நான் எச்டி 650 ஐ, பழைய ரேடியோ போல் கண்ணாடிக் குழாய்களில் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபையரில் இணைத்துத்தான் கேட்கிறேன். அதே ஹெட்போனை டாங்கிளில் மாட்டினால் சத்தம் போதுமான அளவு வருகிறது என்பது உண்மைதான்; ஆனால் மணி ஐயரின் தொப்பி, அதாவது மிருதங்கத்தின் இடந்தலை, கனமிழந்துவிடுகிறது. இடந்தலையில் ரவையை அப்பி, மணிக்கட்டை அழுத்தி இழுக்கும்போது எழும் கும்கி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் அல்லவா, அந்த வழுக்கல் வால்வில் உருண்டையாகக் கேட்கிறது, டாங்கிளில் தட்டையாகக் கேட்கிறது. ஒலிபெருக்கியையே விரும்பாமல், மைக் இல்லாத கச்சேரிக்காக வாதாடிய மனிதரின் வாசிப்பு அது. அதைக் கேட்கும் கருவியில் சிக்கனம் பார்க்கலாமா?

கேள்வி கேட்டவருக்கு என் அனுபவத்திலிருந்து இன்னொரு யோசனையும் உண்டு. கடைக்குப் போனால் அவர்கள் போட்டுக்காட்டும் பளபளப்பான பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் பதிவுகளில் மிக மோசமான ஒன்றையும் சுமாரான ஒன்றையும் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். முதலில் தம்பூராவைக் கேளுங்கள். தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா இழை சரியாக அமைந்த தம்பூராவில் நான்கு தந்திகளின் மேல் ஒரு மெல்லிய ரீங்காரம் மிதக்கும்; அது நாடா இரைச்சலிலிருந்து பிரிந்து தனியாகக் கேட்க வேண்டும். அடுத்து, எம்.டி. ராமநாதன் கீழ் ஸ்தாயியில் நிற்கும் இடத்தைத் தேடிப் போடுங்கள். அந்தக் குரலின் நெஞ்சுப் பகுதி கேட்க வேண்டும், ஆனால் சாகித்யத்தின் எழுத்துகள் குழையக் கூடாது. மூடிய ஹெட்போன்களில் பல இந்தச் சோதனையில் தோற்றுவிடும். கிண்ணத்துக்குள் ஒலி முட்டி மோதி, குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். கடைசியாக வயலின். மேல் ஸ்தாயியில் வில் திரும்பும்போது காதில் குத்தினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். டிடி 770 இல் எனக்கு ஒத்துவராமல் போனது இந்த இடம்தான். 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி அதற்கு ஒரு தூக்கல் உண்டு, பழைய நாடாவின் இரைச்சல் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.


தத்தமங்கலம் ஒலிப்பணி எழுதுகிறார்:

ஐயா அவர்கள் கேட்டதாகச் சொல்லும் வேறுபாடு கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். அது உண்மையில் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் அதற்காக இவ்வளவு பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதும் தெரிந்துவிடும்.

எச்டி 650 க்கு 300 ஓம் என்பது பெயரளவுக்கான எண். அதன் மின்மறுப்பு (ஓமில் அளக்கும் அந்தத் தடை) எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. 100 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே அது 500 ஓம் அளவுக்கு ஏறி இறங்குகிறது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்ளிஃபையர்களின் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது அவை தம் பக்கம் வைத்திருக்கும் தடை, பல சமயம் 100 ஓமைத் தாண்டும். 120 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபையரும் ஹெட்போனும் வோல்டேஜைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும்போது, 300 ஓம் உள்ள இடத்தில் ஹெட்போனுக்குக் கிடைப்பது 71 விழுக்காடு. 500 ஓம் உள்ள இடத்தில் கிடைப்பது 81 விழுக்காடு. வித்தியாசம் ஏறத்தாழ 1 டெசிபல். அந்த 1 டெசிபல் மேடு சரியாகத் தொப்பியும் கும்கியும் வாழும் பகுதியில் வந்து விழுகிறது. உருண்டை என்று ஐயா சொல்வதில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும். வால்வு சேர்க்கும் சிறிதளவு இரண்டாம் ஹார்மோனிக்கும் (மூல ஒலியின் இரட்டை அதிர்வெண்ணில் எழும் ஒலி) அதோடு சேரலாம். டாங்கிளின் வெளியீட்டு மின்மறுப்பு 1 ஓம் அளவுதான், ஆகவே அந்த மேடு அங்கே இல்லை. தட்டை என்பது குறையல்ல. ஹெட்போனைச் செய்தவர் வைத்த அளவுதான் அது.

சுவை எப்படி இருந்தாலும் சரி. ஆனால் அந்த 1 டெசிபலை ஈக்வலைசரில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) ஏற்றிக்கொள்ள ஒரு ரூபாய் செலவில்லை. பிடிக்காவிட்டால் இறக்கிவிடலாம், வால்வில் அது முடியாது. இந்த 120 ஓம் ஒன்றும் வினோதமான எண் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1996 இல் வெளிவந்த சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 61938 தரக் குறிப்பே ஹெட்போன் வெளியீட்டுக்கு அந்த அளவைத்தான் பரிந்துரைத்தது. இப்போது செய்பவர்கள் பெரும்பாலும் 1 ஓமுக்குக் கீழேயே நிறுத்திவிடுகிறார்கள். ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பு போகக் கூடாது என்பது நடைமுறை விதி. வீட்டில் பழைய ஸ்டீரியோ ரிசீவர் இருந்து அதன் ஹெட்போன் துளையைப் பயன்படுத்த நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்; அவற்றில் பல, ஸ்பீக்கர் வெளியீட்டையே நூற்றுக்கணக்கான ஓம் ரெசிஸ்டர் வழியாக ஹெட்போனுக்கு விடுபவை. பிளானருக்கு இதனால் பாதகமில்லை, ஏனென்றால் அதன் மின்மறுப்பு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. பல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் பாகங்கள்) உள்ள காதடைப்பான்களுக்கோ ஒலியின் நிறமே மாறிவிடும்.

இரண்டு ஆம்ப்ளிஃபையரை ஒப்பிட நினைப்பவர்கள் முதலில் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். சற்றே சத்தமாக இருப்பது எப்போதும் நல்லதாகவே கேட்கும். கடைகளில் விலை கூடிய கருவி ஜெயிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டிய நிலையிலேயே வெளியீட்டை சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவில் அளந்து இரண்டிலும் ஒரே வோல்ட் வரும்படி வைத்துவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். குறைந்த மின்மறுப்புள்ள இரண்டு ஒழுங்கான ஆம்ப்ளிஃபையர்களை அப்போது பிரித்துச் சொல்ல முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

தம்பூரா, குரல், வயலின் என்று ஐயா சொன்ன மூன்று சோதனைகளும் நூற்றுக்கு நூறு சரி. வாங்கப் போகிறவர் அவற்றை அப்படியே எழுதி எடுத்துச் செல்லலாம். எச்டி 560எஸ், 650 ஐவிட மேல் பகுதியில் சற்று வெளிச்சமானது என்பதால் நாடா இரைச்சல் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே 2 அல்லது 3 டெசிபல் குறைத்துக்கொண்டால் அடங்கிவிடும். கீழ்ப்பகுதி 50 ஹெர்ட்ஸுக்கு அடியில் 650 ஐவிட நன்றாகவே இறங்குகிறது.


கொழிஞ்சாம்பாறைவாசி எழுதுகிறார்:

இருவருக்கும் மிக்க நன்றி. வீட்டுக்கு எச்டி 560எஸ் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனைமரங்களை உலுக்கும் சத்தமும் மேலே ஓடும் மின்விசிறியின் சத்தமும் திறந்த ஹெட்போனில் நுழையுமே என்ற ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது. அலுவலகத்துக்கு என்ன வாங்குவது என்பதுதான் இன்னும் தெளிவாகவில்லை. பேருந்துக்கும் கூடத்துக்கும் ஒன்றே போதுமா, அதில் ப்ளூடூத் இருப்பது நல்லதா? நாள் முழுவதும் கூட்ட அழைப்புகளும் உண்டு.


வேலந்தாவளம் மென்பொருள் எழுதுகிறார்:

நானும் இதே பாதையில் சாவடியைத் தாண்டிப் போய் வருகிறவள் என்பதால் சொல்கிறேன். பேருந்துக்கும் கூடத்துக்கும் ஒன்றே போதும், அது இரைச்சல் நீக்கும் வசதியுள்ளதாக இருக்கட்டும். அந்த வசதி பேருந்து எஞ்சினின் உறுமல், ஏசியின் இரைச்சல் போன்ற ஒரே சீரான தாழ்ந்த ஒலிகளை நன்றாக அழிக்கும். பக்கத்து இருக்கையில் நடக்கும் பேச்சை அவ்வளவாக அழிக்காது, அதைக் காது மெத்தையின் அடைப்புதான் குறைக்க வேண்டும். ஆகவே காதை முழுவதும் மூடும் வகையைத் தேர்ந்தெடுங்கள். சோனி டபிள்யூஎச்-சிஎச்720என் 192 கிராம் எடைதான். எட்டு மணி நேரம் தலையில் இருக்கப் போகும் பொருளுக்கு எடையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கண்ணாடி அணிபவராக இருந்தால், பொட்டில் அழுத்துகிறதா என்று கடையில் கால் மணி நேரமாவது மாட்டிக்கொண்டே நின்று பாருங்கள்.

இரைச்சல் நீக்கம் பேருந்தில் வேண்டும் என்பதற்குக் காரணம் சொகுசு அல்ல. எஞ்சின் சத்தத்தை மீறிப் பாட்டைக் கேட்பதற்காக நாம் அறியாமலே ஒலியை ஏற்றுகிறோம். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். உலக சுகாதார அமைப்பு சொல்வது 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். அலுவலகமும் பயணமும் சேர்ந்தால் அந்த 40 சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்பதில் பெரிய குறை இல்லை. உங்கள் கேசட் பதிவுகளுக்கு எந்தக் கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) என்று கவலைப்படவே வேண்டாம். ஆனால் அழைப்பு தொடங்கி ஹெட்போனின் மைக் விழித்துக்கொண்ட உடனே, கணினியும் ஹெட்போனும் தொலைபேசிக்கான இணைப்பு முறைக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய் ஒற்றையாகி, ஒலி பழைய ரேடியோ போல் சுருங்கிவிடும். ஹெட்போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அழைப்புச் செயலியின் அமைப்பில் மைக் என்ற இடத்தில் மடிக்கணினியின் மைக்கையும், ஸ்பீக்கர் என்ற இடத்தில் ஹெட்போனையும் தேர்ந்தெடுத்தால் இது நேராது.

இன்னொன்று. நம் ஊர் வியர்வையில் செயற்கைத் தோல் மெத்தைகள் செதில் செதிலாக உரிந்து கழுத்தில் ஒட்டும். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கும் மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டு ஹெட்போனில் 560எஸ் வெல்வெட் மெத்தையோடு வருகிறது, மின்விசிறிக்கு அடியில் அதுதான் வசதி. விசிறிச் சத்தத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். வேகத்தை இரண்டு புள்ளி குறைத்துப் பாருங்கள். ஆடிக் காற்று வீசும் இரவில் வேண்டுமானால் அலுவலக ஹெட்போனையே கம்பியில் மாட்டிக் கேட்கலாம், அதற்கும் துளை இருக்கிறது.


கொழிஞ்சாம்பாறைவாசி எழுதுகிறார்:

மிகப் பயனுள்ள பதில், நன்றி. கடைசியாக ஒரு சந்தேகம். இப்போதுள்ள பழைய ஹெட்போனை மடிக்கணினியில் மாட்டினால், சார்ஜர் இணைந்திருக்கும்போது மட்டும் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. கணினியின் உலோக உடலைத் தொட்டால் விரலில் சுரீரென்கிறது. புதிய ஹெட்போனிலும் இது வருமா? இதற்காவது ஆம்ப்ளிஃபையர் உதவுமா?


தத்தமங்கலம் ஒலிப்பணி எழுதுகிறார்:

உதவாது, அதே மின்னிணைப்பில் மாட்டும் ஆம்ப்ளிஃபையரும் அதே ரீங்காரத்தைப் பெருக்கித் தரலாம். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் பிரச்சினை மின்னிணைப்பில் இருக்கிறது. சார்ஜர் இரண்டு முள் வகையா என்று முதலில் பாருங்கள். அவற்றில் வடிகட்டிக் கெபாசிட்டர் வழியாகக் கசியும் சிறு மின்னோட்டம் போவதற்கு எர்த் வழியே இல்லை, அதுதான் விரலில் சுரீரென்கிறது. மூன்று முள் சார்ஜராக இருந்தும் அப்படி இருந்தால், வீட்டின் எர்த் வேலை செய்யாமல் இருக்கலாம். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் கோடையில் மண் வறண்டு எர்த் குழியின் மின்தடை ஏறிவிடுவது சகஜம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் தடையை அளக்கச் சொல்லுங்கள். அதுவரை குழியில் வாரம் ஒருமுறை நாலு குடம் தண்ணீர் ஊற்றி வாருங்கள். இரவுக் கச்சேரிக்கு மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது கைப்பேசியும் டாங்கிளும் போதும். துலா மாதத்து இடிமழை நேரத்தில் எதுவும் சுவரில் செருகியிருக்க வேண்டாம்.